முறையீடும் தண்டனையும்

கன்றை இழந்த பசு, ஆரூர் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைச் சோழநாட்டில் அறியாதார் இலர். மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனின் நீதியையே புலவரும் பேச்சாளரும் போற்றிவந்துள்ளனர். நாமோ அந்த மணியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். மணியின் கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியிராவிடில், மன்னனின் நீதி எத்துணைப் பெரிதாயினும் அந்தப் பசுவுக்கு என்ன பயன்?

ஊரில் ஓர் அடிதடியோ ஏமாற்றோ நிகழ்ந்தவுடன் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் முதலில் எழும் வினா, "இதற்கு எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும்?" என்பதே. சட்டத்தை நம் மக்கள் எண்களாகவே அறிவர். ஏமாற்றுபவனுக்கு 420 என்று பெயரே வைத்துவிட்டனர். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின், ஏமாற்றுக்குப் பிரிவு 318. கொலைக்கு 302 போய் 103. திரைப்படம் எழுதுவோருக்குத்தான் இதனால் தொல்லை மிகுதி! எண்கள் மாறினும் திண்ணை வினா மாறவில்லை. அவ்வினா தவறானதன்று, ஆனால் கடைசியில் கேட்க வேண்டியதை நாம் முதலில் கேட்கின்றோம் என்பதே நம் கருத்து. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை, நீடாமங்கலமே போதும்.

1937 டிசம்பர் 28ஆம் நாள் வெண்ணாற்றங்கரையிலுள்ள இவ்வூரில் காங்கிரஸ் மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கு நிகழ்ந்த சமபந்தி உணவில் பண்ணையில் உழைத்துவந்த ஆதிதிராவிட மக்கள் சிலரும் அமர்ந்து உண்டனர். அந்த ஒரு வேளைச் சோற்றுக்காக அவர்கள் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டனர். 'விடுதலை' ஏடு இக்கொடுமையை வெளியிட்டது. அப்படியொன்றும் நிகழவில்லை என்று மறுத்தோரும் இருந்தனர். செய்தியை வெளியிட்ட ஏட்டின் மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. ஆ. திருநீலகண்டன் 2017இல் இந்நிகழ்ச்சியைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். அவ்வவதூறு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோராய் நிற்க நேர்ந்தவர்கள் ஏட்டின் ஆசிரியரும் வெளியீட்டாளருமே.

அந்நாளில் சட்டம் இல்லாமற்போயிற்றா? இல்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அப்போதே எழுபது ஆண்டுகளைக் கடந்திருந்தது. காயம் விளைவித்தலுக்குப் பிரிவு 323, ஓராண்டு வரை சிறை. ஒருவரை அவமதிக்கும் நோக்குடன் தாக்குவதற்குப் பிரிவு 355, இரண்டாண்டு வரை சிறை. ஆனால் இவ்விரண்டும் காவல்துறை தானாகப் புலன்விசாரணை செய்ய இயலாத குற்றங்கள்; நடுவரின் ஆணை வேண்டும், அல்லது அடிபட்டவரே நடுவரிடம் சென்று முறையிட வேண்டும். பண்ணையாரின் நிலத்தில் குடியிருந்து, அவர் அளக்கும் நெல்லில் உயிர்வாழ்ந்தவர் எவ்வாறு சென்றிருப்பார்? தண்டனை நூலில் இருந்தது, கயிறுதான் எட்டவில்லை.

இங்கேதான் 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு விளங்கும். உண்ணத்தகாத, அருவருப்பான பொருளை வற்புறுத்தி உண்ணவோ குடிக்கவோ செய்தல் அதன் குற்றப்பட்டியலில் முதலாவதாக வைக்கப்பட்டது. வலிந்து மொட்டையடித்தலும் மீசையை மழித்தலும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. அரைநூற்றாண்டுக்கு முன் நீடாமங்கலத்தில் நிகழ்ந்தவற்றையே சட்டம் எழுதியோர் பார்த்து எழுதினரோ என்று தோன்றும்! எனினும் தண்டனையின் அளவைவிட நாம் பெரிதாய் மதிப்பது வேறு. இச்சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அலுவலருக்கும் ஆறு மாதத்திற்குக் குறையாத சிறை உண்டு. இஸ்லாத்தையோ கிறித்தவத்தையோ தழுவிய பட்டியல் சாதியினர் 1950ஆம் ஆண்டின் ஆணையால் அப்பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதால் இக்காவல் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. சமயம் மாறியவனை அடிக்கும் கை மாறிவிடுவதில்லையே!

ஆகவே மாணவச் செல்வங்கள் முதலில் கேட்கக் கற்க வேண்டிய வினா, "இது காவல்துறை தானே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமா?" என்பது. ஆம் எனில், முதல் தகவல் அறிக்கையைப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. அதன் படி ஒன்றைக் கட்டணமின்றிப் பெறுவது முறையிட்டவரின் உரிமை. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிடில் நடுவர் இருக்கின்றார். புதிய நடைமுறைச் சட்டமோ மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுடைய குற்றங்களில் பதினான்கு நாள் முன்விசாரணைக்கு இடமளித்துள்ளது. எளியவருக்கு அப்பதினான்கு நாள் மிக நீண்டது என்பதே நம் அச்சம்.

குற்றம் சாட்டப்பட்டவனும் குற்றவாளியும் ஒருவரல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையின் பெயர் அறிக்கையில் ஏறியவுடனே அவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதும், அவன் வீட்டாரை ஒதுக்குவதும் நீதிமன்றம் விதிக்காத தண்டனைகள். கைதானவனை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஏழாண்டு வரை தண்டனையுடைய குற்றங்களில் உடனே கைது செய்யாமல், அறிவிப்புக் கொடுத்து அழைத்து விசாரிப்பதே இயல்பான வழி என்பது 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பின் சாரம்.

இனி ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு சொல். நாட்டாண்மையிலும் ஜமாஅத்திலும் அமர்ந்து பிணக்குகளைத் தீர்ப்பது நம் மரபு. அதனைக் குறைகூற மாட்டோம். சிறு காயம், அவதூறு போன்றவற்றில் இருதரப்பாரும் இசைந்து சமாதானமாவதைச் சட்டமே ஒப்புகின்றது. ஆனால் வன்கொடுமை, பாலியல் கொடுமை, கொலை முயற்சி ஆகியவற்றைச் சமாதானம் பேசி முடிக்க எவருக்கும் அதிகாரமில்லை. குற்றவாளியைக் காக்கப் பணம் பெறுவதும் சான்றை மறைப்பதும் தனிக் குற்றங்கள். நன்மை செய்வதாக எண்ணிய பெரியவரே கூண்டில் நிற்க நேரும். இன்னொன்றும் உண்டு. ஓராண்டு வரை மட்டுமே தண்டனையுடைய குற்றத்திற்கு வழக்கை நீதிமன்றம் ஏற்கும் கால எல்லையும் ஓராண்டே. "அறுவடை முடியட்டும், பேசிக்கொள்வோம்" என்று குறுவையிலிருந்து சம்பாவுக்கும் சம்பாவிலிருந்து அடுத்த குறுவைக்கும் தள்ளிப்போட்டால், பிறகு முறையிட நினைப்பவனுக்குக் கதவு மூடியிருக்கும். வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குவோர், பெண்களுக்கும் சிறார்க்கும் பட்டியலினத்தாருக்கும் காவலில் இருப்போர்க்கும் வருமானம் பாராமல் இலவச உதவி தரக் கடமைப்பட்டுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். அதன் தொலைபேசி எண் 15100.