நீச்சல் குளம் யாருக்கு?

கோடை விடுமுறை வந்தால் காஞ்சிபுரத்து நெசவாளியின் பிள்ளை எங்கே போய் நீந்துகிறான்? ஏரியில் மண் அள்ளிய பள்ளத்தில். பாலாற்றில் மணல் சுரண்டிய மடுவில். ஓரத்தில் முழங்கால் தண்ணீர். அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம். மணலை விற்றவன் லாபத்தோடு வீடு போய்ச் சேருகிறான். குளிக்கப் போன பிள்ளை பிணமாக வருகிறான். இதற்குப் பெயர் விதியாம்!

விதியல்ல தோழர்களே, வறுமை! 2021-ல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

பெரியவர்களுக்கும் இது தேவை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுப் பகலெல்லாம் முதுகு வளைகிறவர்கள் நாம்; ஆலையில் நின்றே கால் கடுக்கிறவர்கள் நாம். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும். மூட்டு நோகாமல் கை, கால், முதுகு எல்லாம் இயங்கும்.

"கோயில் நகரத்தில் குளத்துக்கா பஞ்சம்?" என்பார்கள். சர்வ தீர்த்தம் உண்டு, அனந்தசரஸ் உண்டு. அவை வழிபாட்டுக்கு உரியவை. பிள்ளைகள் நீச்சல் பழகும் இடங்கள் அல்ல. மேலும், பொதுக்குளத்துத் தண்ணீரைத் தொடுவதற்கே 1927-ல் மகாராஷ்டிரத்து மகாட் நகரில் அம்பேத்கர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்த நாடு இது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே தண்ணீரில் இறங்கும் குளம், சாதிக்கு விழும் அடியும் ஆகும்.

"பணம் ஏது?" என்பார்கள். 2019-ல் அத்திவரதர் காட்சியளித்த 48 நாட்களும் இதே ஊரில் பந்தல், பஸ், குடிநீர் எல்லாம் அரசாங்கம் ஏற்பாடு செய்யவில்லையா? அதை நாம் குறை கூறவில்லை. மனமிருந்தால் பணம் வரும் என்பதற்கு அதுவே சாட்சி! 1926-ல் வியன்னாவில் சோஷலிஸ்டுகள் ஆண்ட நகரசபை, தொழிலாளர் பேட்டையிலேயே அமாலியன்பாட் என்னும் மாபெரும் நீச்சல் குளத்தைத் திறந்தது. செல்வர்களின் மோட்டார் காருக்கும் சவாரிக் குதிரைக்கும் வரி போட்ட நகரசபை அது.

"கூலி உயர்வல்லவா முதல் வேலை?" என்று நம் தோழர்களே கேட்கலாம். கூலி கேட்பது வாழத்தானே? பிள்ளையைப் பறிகொடுத்தபின் வாழ்வேது?

2021-ல் மாநகராட்சி என்ற பட்டம் பெற்ற காஞ்சிபுரத்தைக் கேட்கிறோம்: பிள்ளையார்பாளையத்துக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் பொது நீச்சல் குளம் எங்கே? சுற்றுக் கிராமத்து விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் அது எட்ட வேண்டும். கட்டணம் கூடாது. பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். உயிர்க்காவலர் வேலை நிரந்தர வேலையாக வேண்டும், காண்டிராக்ட் வேண்டாம். மணல் பள்ளங்களை உடனே மூட வேண்டும்.

தறிக்கூடத்திலும் வயல் வரப்பிலும் ஆலை வாசலிலும் இதைப் பேசுவோம். அடுத்த கோடைக்குள் ஒன்றுபட்டுக் கேட்போம். நம் பிள்ளைகள் நீந்தட்டும்!