வெள்ளி ரூபாயை விற்கும் முன் வருஷத்தைப் பாருங்க!

மத்திகிரி, ஓசூர் பக்கம் பழைய வீட்டுப் பெட்டியில் பாட்டி காலத்து ஒரு ரூபாய் கிடைத்தால், உடனே விற்க வேண்டாம். முதலில் வருஷத்தைப் பாருங்கள்.

1939 வரையிலான பிரிட்டிஷ் ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் சுமார் 10.7 கிராம் வெள்ளி. இரண்டாம் உலகப் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டால், 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947-ம் வருஷக் காசு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறையும். அன்றைய வெள்ளி விலையைக் கணக்கிட்டு, இரண்டு கடைகளிலாவது விசாரியுங்கள்.

'லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று போன் வந்தால் நம்பாதீர்கள். பழைய காசு விற்பனைக்குத் தாங்கள் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது.