எந்த மாடி? எந்தப் பக்கம்?

இம்முறை இடம் சொல்லும் ஆங்கிலம். இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

அன்று இரவு வேலை முடிந்து வந்து படுத்த நேரம் மாமிக்கு நெஞ்சு நோ. 911க்கு அடித்து விலாசத்தைச் சொல்லி, "ஃபெர்ஸ்ற் ஃபுளோர்" என்றேன். அம்புலன்ஸ்காரர் சுணங்காமல் வந்து கீழ்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் இருப்பதோ மேலே! நான் படியால் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். மாமி தப்பிவிட்டா. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

ஊரில் பிரித்தானிய முறைப்படி நிலத்தோடு இருப்பது 'கிரவுண்ட் ஃபுளோர்', அதற்கு மேல் 'ஃபெர்ஸ்ற் ஃபுளோர்'. அமெரிக்காவில் கீழ்த்தளமே 'ஃபெர்ஸ்ற் ஃபுளோர்'. அதற்கு மேல் 'செக்கண்ட் ஃபுளோர்'. அவசரத்தில் குழம்பினால் 'அப்ஸ்ரெயர்ஸ்' என்ற ஒரு சொல் போதும்.

அடுத்தது 'முன்னால்'. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடை என்றால் எங்களுக்கு றோட்டின் மற்றப் பக்கம். 'இன் ஃப்ரண்ட் ஒவ் த ஸ்கூல்' என்றால் இவர்களுக்குப் பள்ளிக்கூட வாசலடி. மற்றப் பக்கத்துக்கு 'எக்ரோஸ் த ஸ்ரீற் ஃப்ரொம்' என்று சொல்லுங்கள். 'பக்கத்தில்' என்பதும் அப்படித்தான்: ஒட்டினாற்போல் இருந்தால் 'நெக்ஸ்ற் ரு', கிட்டடி என்றால் 'நியர்'.

ஊரில் சந்திக்குச் சந்தி 'ஜங்ஷன்' என்போம். இங்கே ஜங்ஷன் எங்கே என்று கேட்டால் பிரின்ஸ்ரன் ஜங்ஷன் புகையிரத நிலையத்தைக் காட்டுவார்கள். பிரின்ஸ்ரனுக்குக் கிளைப்பாதை பிரிகிற இடம் என்பதால் அந்தப் பெயர். நிலையம் இருப்பதோ எங்கள் வெஸ்ட் வின்ட்சரில்! றோட்டுச் சந்திக்கு 'இன்ரசெக்ஷன்' என்று சொல்லுங்கள்.

வெறும் 'வின்ட்சர்' என்றும் சொல்லாதீர்கள். 1797இல் பழைய வின்ட்சர் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. ஈஸ்ட் வின்ட்சரும் இதே மேர்சர் கவுண்டியில்தான் இருக்கிறது.

தமிழில் 'இல்' என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் ஊருக்கு 'இன்' வெஸ்ட் வின்ட்சர், றோட்டுக்கு 'ஒன்' றூட் வண், நிலையத்துக்கு 'அற்' த ஸ்ரேஷன். இதில் பிழைவிட்டாலும் ஆள் வந்து சேரும். மாடியும் பக்கமும் பிழைத்தால் வராது.

இந்த மாத வீட்டுவேலை: உங்கள் விலாசம், மாடி, கிட்ட உள்ள சந்தி மூன்றையும் கடதாசியில் எழுதித் தொலைபேசியடியில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் சத்தமாக வாசித்துப் பழகச் சொல்லுங்கள். எங்கள் மாமி இப்போது என்னைவிட நன்றாகச் சொல்கிறா.