தொழிலுடை பேணல்

கந்தையேயாயினும் அதனைக் கசக்கியே உடுத்தல் வேண்டுமென்று நம் மூதாட்டியர் கூறி வந்ததை நாம் யாவரும் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். அதனை அழகு கருதிய அறிவுரை என்பர் பலர்; உடல்நலங் கருதியது என்பர் சிலர். அஃது உயிர்காப்புக்குரிய விதியாகவே நிற்கும் இடம் ஒன்று நம் அண்மையில் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்து பரந்துள்ள பட்டாசுச் சாலைகளே அவ்விடமாம். அங்குத் தொழில் புரிவோர் உடுக்கும் உடையைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

"உடையைப்பற்றி எழுதுதற்கு என்ன இருக்கின்றது?" என மாணவ நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அன்னோர் தம் இரசாயனசாலை மேலங்கியை எடுத்து நோக்குவாராக. ஆண்டுத் தொடக்கத்தில் வெண்ணிறமாய் விளங்கிய அது, தேர்வு நெருங்குங்கால் மஞ்சளும் பழுப்பும் ஏறி, முன்கையில் துளைகள் பல உடையதாய் மூலையிற் கிடக்கும். அமிலத்துளி பட்ட அன்றே நீரில் அலசியிருப்பின் அத்துளைகளுள் பல தோன்றியிரா. நம் கவலையின்மையால் நமக்கு நேரும் நட்டம் ஓர் அங்கியின் விலையே. பட்டாசுச் சாலையில் நேரும் நட்டமோ அவ்வளவில் அமைவதன்று.

சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டித் தொழில் 1920-ஆம் ஆண்டுகளிலும், அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வேரூன்றியதற்கு அவ்விடத்து வறண்ட வானிலையும் ஒரு காரணம் என்பது யாவரும் அறிந்ததே. மழை குறைந்த அந்நிலத்தில் மருந்து விரைவில் உலரும். ஆயின், மருந்தை உலர்த்தும் அவ்வறட்சியே மற்றொரு தீங்கையும் வளர்க்கின்றது. ஈரமற்ற காற்றில் துணியோடு துணி உராயுங்கால் உடலில் நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட மின்பொறியை நம் விரல் பெரும்பாலும் உணர்வதில்லை. நாம் உணராத அப்பொறியே, எளிதிற் பற்றும் மருந்து சிலவற்றிற்குப் போதியதாகிவிடும்.

இத்தீங்கினைக் குறைப்பது பருத்தி. பருத்தி நூல் சாதாரண காற்றில் தன் எடையில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் நூலோ அரைப்பங்கும் ஏற்பதில்லை. அவ்வீரத்தின் வழியே மின்சாரம் சேரச் சேரக் கசிந்து நீங்கும். அன்றியும், செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிப் புண்ணை ஆழமாக்கும். பருத்தி அங்ஙனம் உருகுவதில்லை. வெடிமருந்துச் சாலையில் உடையைப்பற்றி விதி செய்தலும் புதியதன்று. இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வெடிபொருட் சட்டம், தொழிலாளர் உடையிற் பைகளே இருத்தலாகாது என்று கூறிற்று. தீக்குச்சி முதலியன உள்ளே புகாதிருத்தற்காகவே அவ்விதி எழுந்தது.

ஆதலின், பருத்தியுடை உடுத்தவுடன் கவலை ஒழிந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்குமுன் சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூரில், பழைய மாணவர் ஒருவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய அன்னையார் நெடுங்காலம் மருந்து நிரப்பும் வேலை செய்து மகனைப் படிக்கவைத்தவர். எனக்கு உணவு சமைத்துக்கொண்டிருந்த அவ்வம்மையார், அடுப்பினின்று சோற்றுப்பானையை இறக்குதற்கு ஒரு பிடிதுணியை எடுத்தார். அது, சேலையின்மேல் அணிந்து வேலைக்குச் சென்ற பழைய சட்டையின் துண்டு. அதன் மடிப்புகளில் அலுமினியப் பொடி வெள்ளிபோல் மின்னிற்று. யான் திடுக்கிட்டு அதனைச் சுட்டிக்காட்டியபோது, "பருத்தித் துணிதானே, ஐயா! இன்னும் கெட்டியாக இருக்கிறது, தூக்கி எறிய மனம் வரவில்லை" என்றார்.

அவ்வம்மையாரின் சிக்கனத்தை யான் குறை கூறேன். ஆயின், அன்று இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனத்தில் நின்ற கேள்வி ஒன்று உண்டு. பட்டாசுக்குரிய கருந்திரி எதனால் ஆகியது? பருத்தி நூலும், அதன்மேல் ஏற்றப்பட்ட வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவையும் அன்றோ? மருந்துத் தூசி நாள்தோறும் படிந்து, வியர்வையில் ஊறி, காய்ந்து, மீண்டும் படிந்த பருத்திச் சட்டைக்கும் அத்திரிக்கும் வேறுபாடு எவ்வளவு? வெடியுப்பு ஏறிய துணி, எரிதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே உடையது. சாதாரணத் துணிபோல் மெல்லப் பற்றாது விரைந்தெரியும். தூய பருத்தி கவசம். தூய்மையற்ற பருத்தி திரி. இதுவே யான் சொல்லக் கருதிய செய்தியின் சாரம்.

நிற்க. இவ்வுடையைப் பேணும் முறை யாது? முதலாவது, வேலையுடை வேலையிடத்திலேயே களையப்படவேண்டும்; வீட்டிற்கு வருதல் ஆகாது. இரண்டாவது, களைந்த உடையை உதறுதலும், உலர்ந்தபடியே கல்லில் அடித்தலும் கூடா. உதறினாற் பொடி பறக்கும். அடித்தால் உராய்வு எழும். நிறைந்த நீரில் முற்ற அமிழ்த்தி ஊறவைத்தலே முதற்செயலாகும். வெடியுப்பு நீரிற் கரைந்து நீங்கும். கந்தகமும் அலுமினியமும் கரைவன அல்ல. அவை சோப்பிட்டு மெல்லக் கசக்கிப் பன்முறை அலசினாலன்றி நீங்கா. மூன்றாவது, அவ்வுடையைக் குழந்தைகளின் உடையோடு கலந்து துவைத்தலும், அலசிய நீரைக் குடிநீர்க் கிணற்றருகே கொட்டுதலும் தகா.

இங்ஙனம் நாள்தோறும் அலசினால் துணி விரைவில் தேய்ந்துபோகாதோ எனின், தேயாமற் காத்தற்கும் வழி உண்டு. கந்தகத்தூள் துணியில் தங்கினால் ஈரமும் காற்றும் பட்டு நாளடைவில் அமிலமாகி நூலை அரிக்கும் இயல்புடையது. ஆகவே, அலசாத உடையே முந்தி இற்றுப்போம். பிளீச்சிங் பவுடர் போன்றவற்றை மிகுதியாய் இடுதல் பருத்தியின் வலிமையைக் குறைக்கும். அதனைத் தவிர்த்தல் நன்று. கடுவெயிலில் நெடுநேரம் காயவிடாது, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. ஒருவருக்கு மூன்று உடைகள் இருப்பின், அவற்றை மாற்றி மாற்றி அணிதலால் ஒவ்வொன்றும் நீடித்து உழைக்கும். கிழிந்த இடத்தைக் கிழிந்த அன்றே பருத்தி நூலால் தைத்துவிடுக. ஊக்கு குத்தி மறைத்தல் வேண்டா. இரும்பு ஊக்கும் உலோகப் பொத்தானும் மருந்துக் கூடத்தில் இருத்தற்குரியன அல்ல, துணிநாடாவே போதும். இறுதியாக, உழைத்து ஓய்ந்த வேலையுடை வீட்டிற்குப் பிடிதுணியாகவோ, விளக்குத் துடைக்கும் கந்தையாகவோ வருதல் கூடாது. சாலையிலேயே அதனைக் கணக்கிட்டுத் திரும்பப் பெற்று, பொறுப்புடன் கழித்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொழிலாளருக்கு அறிவுரையாகக் கூறிவிட்டு அமைதல் எளிது. அவ்வாறு அமைதலையே யான் மறுக்கின்றேன். உருப்படிக் கணக்கிற் கூலி பெறுவோர்க்கு, உடை மாற்றும் ஒவ்வொரு நிமிடமும் கூலியிழப்பாகும். கோடைக்காலத்தில் குடிநீருக்கே குடத்தோடு காத்து நிற்கும் ஊரினரை, மூன்று முறை அலசுக என்று கூறுதல் அறமாகுமோ? பாலியெஸ்டர் சேலை விலை மலிந்தது, விரைவில் உலர்வது, ஆண்டுக்கணக்கில் கிழியாதது. ஏழைப் பெண்மணி அதனை விரும்பி வாங்குதல் அறியாமையன்று. அவர் வருவாய்க்கு ஒத்த கணக்கேயாகும். உடுத்தியவரினும் உடை நீடித்து வாழ்வதோ சிக்கனம்?

ஆகவே, உடையை அளிப்பதும் அதனைச் சாலையிலேயே துவைத்துத் தருவதும் தொழில் நடத்துவோர் கடமை என்பதே என் துணிபு. இஃது அளவிறந்த கோரிக்கையன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தன் 42, 43-ஆம் பிரிவுகளிலேயே கைகால் கழுவும் வசதியையும், உடைகளை வைக்கவும் உலர்த்தவும் வேண்டிய வசதியையும் குறித்துப் பேசிற்று. ஒரு துவைப்புக் கூடமும், நீர்த்தொட்டியும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி உடைமாற்று அறையும், உடை மாற்றும் நேரத்திற்குக் கூலியும்: இவையே வேண்டுவன. துணிக்கோ பஞ்சமில்லை. இராஜபாளையத்தில் நூலாலைகள் உள. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கின்றனர். அருப்புக்கோட்டையில் தறிகள் உள. இம்மாவட்டத்துக் கரிசல் நிலமே பருத்திக்குப் பேர்போனது. தன் மண்ணில் விளையும் பருத்தியைத் தன் தொழிலாளர்க்கு உடையாக அளித்தல் இந்நாட்டுக்கு இயலாததொன்றோ?

"பெருவிபத்துகள் உடையினாலோ நேர்கின்றன?" என்று சிலர் வினவலாம். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தை எவரும் மறந்திரார். அத்தகைய கொடுமைகளுக்கு வேறு பெருங்காரணங்கள் பல உண்டு. நல்லுடை ஒன்றே அவற்றைத் தடுத்துவிடும் என்று யான் கூறவில்லை. ஆயின், உடையைக் கவனிக்கும் சாலை மற்றவற்றையும் கவனிக்கும். தொழிலாளியின் சட்டை அழுக்கைக் காணாத கண், மருந்துக்கூடத் தரையிற் சிந்திய பொடியையும் காணாது.

இக்கல்லூரியினின்று வெளியேறும் நண்பர்களுள் சிலர் நாளை அச்சாலைகளில் இரசாயன அறிஞராகவும், மேற்பார்வையாளராகவும், உரிமையாளராகவும், அரசாங்க ஆய்வாளராகவும் அமர்வர். அன்னோர்க்கு யான் செய்யும் விண்ணப்பம் ஒன்றே. சாலைக்குள் முதல்நாள் அடியெடுத்து வைக்குங்கால் கணக்குப் புத்தகத்தைக் கேட்பதற்குமுன், "வேலையுடை எங்கே துவைக்கப்படுகின்றது?" என்று கேளுங்கள். "அவரவர் வீட்டில்" என்பது விடையாயின், உங்கள் முதல் வேலை யாதென்று உங்களுக்கு விளங்கிவிடும். அம்மாணவரின் அன்னையார்க்கு அன்று யான் ஒரு புதிய பிடிதுணி வாங்கிக் கொடுத்தேன். அஃது ஓர் அடுப்பிற்கு மட்டுமே போதியது. எஞ்சிய அடுப்புகள் உங்கள் பொறுப்பு.