ஒரே கல்லில் நால்வர் பெயர்

போரில் உயிர்நீத்த படைக்குருமாரை மதவாரியாகப் பிரித்து வைத்து நினைவுகூரும் வழக்கம், அவர்கள் எந்த நெறிக்காக உயிரைக் கொடுத்தார்களோ அந்த நெறிக்கே மாறானது. படைக்குரு, அதாவது சாப்ளின், என்பவர் வீரர்களுக்கு வழிபாடு நடத்தவும், காயம்பட்டோருக்குத் துணைநிற்கவும், இறந்தோருக்கு இறுதிச் சடங்கு செய்யவும் படையில் அமர்த்தப்படும் சமயகுரு. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் அவருக்கு மருத்துவப் பணியாளருக்கு நிகரான பாதுகாப்பை அளிப்பதோடு, எதிரியிடம் சிக்கினாலும் அவரைப் போர்க்கைதியாகக் கருதலாகாது என்றும் விதிக்கின்றன. ஆயுதம் ஏந்தாமலே களத்தின் ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இத்தகைய ஒருவரின் தியாகத்தை எந்த அளவுகோலால் மதிப்பது என்ற கேள்விக்கு, அமெரிக்கா பல பத்தாண்டுகளாக அரைகுறையான விடைகளையே அளித்துவந்துள்ளது.

1943ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று நியூயார்க்கிலிருந்து கிரீன்லாந்தை நோக்கிப் புறப்பட்ட டார்செஸ்டர் என்ற துருப்புக் கப்பலில் 902 பேர் இருந்தனர். அவர்களுள் மெதடிஸ்ட் சபையின் ஜார்ஜ் ஃபாக்ஸ், யூத ரபி அலெக்சாண்டர் குட், சீர்திருத்தச் சபையின் கிளார்க் போலிங், கத்தோலிக்கப் பாதிரியார் ஜான் வாஷிங்டன் என்ற நான்கு படைக்குருமாரும் அடங்குவர். நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம் கருதி, எல்லோரும் உயிர்காப்பு அங்கியை அணிந்தபடியே உறங்க வேண்டும் என்று கப்பல் தலைவர் ஆணையிட்டிருந்தும், கீழ்த்தளங்களின் வெக்கையையும் அங்கியின் உறுத்தலையும் பொறுக்கமாட்டாமல் பலர் அதைக் கழற்றி வைத்திருந்தனர். பிப்ரவரி 3ஆம் தேதி நள்ளிரவு கடந்து ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருந்தபோது, ஜெர்மனியின் யு-223 நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ தாக்கியதில், கப்பல் அரைமணி நேரத்துக்குள் மூழ்கியது. ஏறத்தாழ 230 பேர் மட்டுமே பிழைத்தனர்.

இருளில் மேல்தளத்துக்கு ஏறி வந்தவர்களுக்கு நால்வரும் உயிர்காப்பு அங்கிகளைப் பகிர்ந்து கொடுத்தனர். இருப்பு தீர்ந்ததும் தாங்கள் அணிந்திருந்தவற்றையே கழற்றி எதிரில் நின்றவர்களுக்கு மாட்டிவிட்டனர். கையுறையை எடுத்துவரத் தன் அறைக்குத் திரும்ப முயன்ற ஒருவரைத் தடுத்த ரபி குட், தம்மிடம் இன்னொரு ஜோடி உண்டு என்று சொல்லித் தம் கையுறைகளையே அவருக்குக் கொடுத்தார். ரபியிடம் இரண்டாம் ஜோடி இருந்திருக்க வாய்ப்பில்லை, தப்பிக்கும் எண்ணமே அவருக்கு இல்லை என்பது, பிழைத்துக் கரையேறிய பிறகே பெற்றவருக்கு உறைத்தது. அங்கியைப் பெற்றவர் எந்த மதத்தினர் என்று நால்வரில் எவரும் கேட்கவில்லை. கைகோத்து நின்று அவரவர் முறையில் பிரார்த்தித்தபடியே கப்பலோடு மூழ்கினர்.

இச்செயலுக்கு 1944இல் அமெரிக்கத் தரைப்படையின் இரண்டாவது உயரிய வீர விருதான சிறப்புச் சேவைச் சிலுவை வழங்கப்பட்டது. முதல்நிலை விருதான மெடல் ஆஃப் ஹானர், எதிரியோடு நேருக்கு நேர் மோதும் களத்தில் காட்டிய வீரத்துக்கே உரியது என்ற விதி குறுக்கே நின்றது. அந்த விதியை மாற்றத் துணியாத அமெரிக்க நாடாளுமன்றம், 1960இல் இந்நால்வருக்கென்றே தனியொரு பதக்கத்தை உருவாக்க இசைந்தது. அது 1961 ஜனவரியில் அவர்களுடைய குடும்பத்தாரிடம் அளிக்கப்பட்டது. நால்வருக்காக ஒரு விலக்கை உண்டாக்கிய அரசு, நேரடி மோதலுக்கு வெளியே ஆயுதமின்றிக் காட்டும் வீரத்தை அந்த உயரிய நிலையில் அளக்கும் நிலையான முறையை உண்டாக்காமல் விட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

விருதைவிடப் பெரிய பிழை நினைவிடத்தில் நேர்ந்தது. ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் படைக்குருமார் குன்று என்று அழைக்கப்படும் இடத்தில், முதலாம் உலகப்போரில் இறந்த படைக்குருமாருக்கு 1926இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னர், புராட்டஸ்டன்ட் குருமாருக்கு 1981இலும், கத்தோலிக்கக் குருமாருக்கு 1989இலும் தனித்தனிக் கற்கள் எழுந்தன. ஆகவே ஒரே தளத்தில் கைகோத்து இறந்தவர்களுள் மூவரின் பெயர்கள் இரண்டு கற்களில் பிரிந்து நின்றன. யூதருக்கெனக் கல் இல்லாததால் ரபி குட்டின் பெயர் எதிலும் இடம்பெறவில்லை. அக்குறையைத் தனிநபர்களும் யூத அமைப்புகளும் எடுத்துச் சொல்லிப் போராடிய பிறகே, அவர் இறந்து 68 ஆண்டுகள் கழித்து, 2011இல் நான்காவது கல் அமைந்தது.

ஒவ்வொரு சமயத்துக்கும் துக்கம் காக்கும் முறை வேறு என்பதால் தனிக் கற்களே பொருத்தம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும், தனிமனிதரின் சமய அடையாளத்துக்கு உரிய இடம் அவருடைய கல்லறை. அரசின் பொது நினைவிடமோ கடமையைப் பதிவுசெய்யும் ஏடு. மதச்சார்பற்ற அரசு சமயகுருக்களைப் போற்றுவதே தகாது என்போரும் உளர். ஆனால் இங்கே போற்றப்படுவது எவருடைய சமயக் கொள்கையும் அன்று, சக மனிதருக்காக உயிரைக் கொடுத்த செயலே. ஒரே கூரையின் கீழ்ப் பல சமய வழிபாட்டுக்கு இடமளிக்கும் சர்வ தர்ம ஸ்தலத்தை இந்தியத் தரைப்படை நெடுங்காலமாகப் பேணிவருவது, வேற்றுமையை அழிக்காமலே ஒன்றாக நிற்க முடியும் என்பதற்குச் சான்று.

எனவே படைக்குருமாரின் பெயர்கள் இறந்த தேதியின் வரிசையில் ஒரே நினைவுக்கல்லில் பொறிக்கப்பட வேண்டும். விடுபட்ட பெயர்களைத் தேடும் பொறுப்பை உறவினர் தலையில் சுமத்தாமல் அரசே ஏற்க வேண்டும். உயரிய விருதுக்கான விதியும் நேரடி மோதலுக்கு வெளியே ஆயுதமின்றிக் காட்டும் வீரத்தைக் கணக்கில் கொள்ளுமாறு திருத்தப்பட வேண்டும். 1948இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட மூன்று சென்ட் தபால்தலையில், மூழ்கும் கப்பலோடு நால்வரின் முகங்களும் அருகருகே இடம்பெற்றன. இரண்டு விரலிடுக்கில் அடங்கும் தாளில் கிடைத்த அந்த இடம், ஒரு குன்றில் கிடைக்காமல் போனதற்கு நிலப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது.