கையை எடுங்க அப்பா!

'எங்க பிள்ளை லீவுல சும்மாவே இருக்கிறதில்லை, பேப்பர் மடிக்கிறான்' என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். சந்தோஷம். ஆனால், அவன் மடிப்பதை அவனே முடிக்க விடுகிறீர்களா?

கப்பல், கொக்கு சமாச்சாரமல்ல இது. ஒரே மாதிரி மடித்த பல துண்டுகளைப் பசையே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகும் 'மாடுலர் ஒரிகாமி'. அதிலும் பின்னல் உருவங்கள் தனி ரகம். சிங்கப்பூர்க்காரர் பிரான்சிஸ் ஓவின் மடிப்பைக் கொண்டு, அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் டாம் ஹல் உருவாக்கியதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு முக்கோண முகம் கொண்ட நான்முகிகள் ஐந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நட்சத்திரம் மாதிரி நிற்கும்! நான்முகிக்கு 6 விளிம்பு; ஆக 30 துண்டுகள். ஐந்து கலரில், கலருக்கு 2 சதுரத் தாள் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று பட்டையாக நறுக்கினால் போதும். வழவழ கிஃப்ட் பேப்பர் வேண்டாம், வழுக்கும்.

மடிப்பது சுலபம். கோப்பதில்தான் வித்தையே. இரண்டாவது நான்முகியைத் தனியாக முடித்து உள்ளே நுழைக்க முடியாது. ஒரு மூலையை மட்டும் பூட்டி, முதலாவதின் இடைவெளி வழியாக விட்டு, மீதியை அங்கேயே வைத்துப் பூட்ட வேண்டும். மூன்றாவதில் தலை சுற்றும். எந்தச் சட்டம் மேலே, எது கீழே? தப்பினால் உடனே தெரியாது. நாலாவது போடும்போது இடமே இருக்காது. பிரிக்க வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான், 'கொடுடா இப்படி' என்று நீங்கள் கை நீட்டுகிறீர்கள். அரை மணியில் முடித்து ஷோகேஸிலும் வைத்துவிடுகிறீர்கள். பிள்ளையோ டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறான்.

மூளை வளரும், கணக்கில் நூறு வாங்குவான் என்றெல்லாம் நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் யாரும் திட்டாமல், மார்க் குறைக்காமல், தன் தப்பைத் தானே தேடிப் பிடிக்கிற சந்தர்ப்பம் நம் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கிடைக்கிறது, சொல்லுங்கள்? அதையும் நாம் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

உதவியே கூடாதா? கேட்டால் ஒரு துப்பு கொடுங்கள். சரியாகப் பின்னியிருந்தால், வெளியே நீட்டும் 20 முனைகளில், ஐங்கோணமாக அமையும் எந்த ஐந்தை எடுத்தாலும் ஐந்தும் ஐந்து கலராக இருக்கும். அவன் எண்ணிப் பார்த்துக்கொள்வான்.

சின்னப் பிள்ளைக்கு இது வேண்டாம். ஜப்பானின் சோனோபே துண்டில் ஆரம்பிக்கட்டும்: 6 கோத்தால் கனசதுரம், 30 கோத்தால் முள்ளுப் பந்து. தரையில் குனிந்து மணிக்கணக்காக உட்கார விடாதீர்கள். மேஜை, நல்ல வெளிச்சம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நடை. கட்டைவிரல் மூட்டு வலியுள்ள பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம்; நகத்துக்குப் பதில் ஸ்பூனின் முதுகால் மடிப்பை அழுத்தினால் போதும்.

நாலாவதில் மாட்டிக்கொண்டு 'போ, எனக்கு வேணாம்' என்று வீசிவிட்டானா? சமாதானப்படுத்த நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அப்படியே ஒரு ஷூ டப்பாவில் எடுத்து, அவன் கைக்கு எட்டுகிற அலமாரியில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வீடு பெருக்கும்போது, குப்பை என்று அதைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.