நோயாளியின் பக்கத்தில் இருப்பதும் ஓர் இபாதத்



ஒரு வீட்டில் ஒருவருக்குக் கடும் நோய் என்று மருத்துவர் உறுதிப்படுத்திய நாளிலிருந்து அந்த வீட்டின் கணக்குகள் மாறிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் பேசித் தீராத வரப்புத் தகராறும், நிக்காஹ் விருந்தில் சம்பந்தி வீட்டார் சரியாக அழைக்கவில்லை என்ற மனத்தாங்கலும் ஒரே வாரத்தில் சிறுத்துப் போகின்றன. வாப்பா இன்று இரண்டு வாய் கஞ்சி குடித்தார்களா, உம்மா இரவில் எத்தனை முறை விழித்தார்கள், நாளை காலைப் பேருந்தில் அவர்கள் உட்கார இடம் கிடைக்குமா என்பவையே அந்த வீட்டின் கவலைகளாகின்றன.

மேலநீலிதநல்லூர் போன்ற சங்கரன்கோவில் வட்டாரச் சிற்றூர்களில் இந்த மாற்றம் இன்னும் கடுமையாக உணரப்படுகிறது. பெருநோய்க்கான சிகிச்சை சங்கரன்கோவிலோடு முடிவதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, புற்றுநோய் எனில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ செல்ல நேர்கிறது. ஒருவர் உடன் சென்றால் அன்றைய கூலி போகிறது. ஒரு வாரம் தங்கினால் ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வளைகுடாவில் பணிபுரியும் மகனோ விடுப்புக்கும் வேலைக்கும் இடையே தவிக்கிறார். இந்நிலையில் பலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: கடமைகளையெல்லாம் விட்டுவிட்டு இப்படி ஒருவருக்காக உட்கார்ந்திருக்கிறோமே, இது சரிதானா?

இதற்கான விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளானில் பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) அவர்கள் நோய்வாய்ப்பட்டிருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மனைவியின் அருகிலேயே இருந்து கவனிக்குமாறு நபியவர்களே பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் கனீமத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். பத்ரின் வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் ருகையா (ரலி) அவர்கள் மறைந்திருந்தார்கள்.

இஸ்லாமிய வரலாற்றில் பத்ரைவிடப் பெரிய அழைப்பு எது? ஆட்கள் மிகக் குறைந்திருந்த அந்த வேளையில்கூட, ஒரு நோயாளிப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு வருமாறு மார்க்கம் கேட்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒருவர் உஸ்மான் (ரலி) பத்ருக்கு வராததை ஒரு குறையாகச் சுட்டினார். அப்போது நடந்ததை விளக்கி அவரைத் திருத்தி அனுப்பியவர் இப்னு உமர் (ரலி) அவர்கள். அதே இப்னு உமர் (ரலி), ஒரு வெள்ளிக்கிழமை ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்களின் நோயைக் கேள்விப்பட்டதும், ஜும்ஆ நேரம் நெருங்கியிருந்தும் வாகனம் ஏறி அவரிடம் சென்றார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வேறு கவனிப்பாளர் இல்லாத நோயாளியின் அருகில் இருப்பவருக்கு ஜும்ஆவுக்கும் ஜமாஅத் தொழுகைக்கும் சலுகை உண்டு என்பதை ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் ஃபிக்ஹ் நூல்களும் பேசுகின்றன.

அப்படியிருக்க, மாமியாரைக் கவனிப்பதற்காகத் தராவீஹுக்கு வராத மருமகளைப் பற்றி நம் தெருக்களில் பேச்சு எழுவது எத்தகைய அநியாயம்? உறவினர் வீட்டு வலீமாவுக்கு வரவில்லை என்று படுக்கையில் கிடக்கும் கணவரின் மனைவியிடம் கோபித்துக்கொள்வது எவ்வகை உறவு?

உண்மையில், நோய் ஒரு வீட்டின் முன்னுரிமைகளை மாற்றுகிறது என்று பொதுவாகச் சொன்னாலும், பெரும்பாலான வீடுகளில் அது ஒரே ஒருவரின் வாழ்வைத்தான் மாற்றுகிறது. அவர் பெரும்பாலும் ஒரு பெண். மற்றவர்கள் வருந்துகிறார்கள், துஆச் செய்கிறார்கள், பணமும் அனுப்புகிறார்கள். ஆனால் இரவு 2 மணிக்கு எழுந்து படுக்கை விரிப்பை மாற்றுபவர் அவர் ஒருவரே. அண்ணன் தம்பிகள் நால்வர் இருந்தும் தாயின் கழிவைச் சுத்தம் செய்வது மகளின் வேலை என்று நாம் எண்ணுவோமானால், நோய் நம்மிடம் எதையும் மாற்றவில்லை என்றே பொருள்.

அந்த ஒருவருக்கு உள்ளம் களைத்துப்போகும். சில வேளைகளில் எரிச்சலும் வரும். பிறகு, ‘என் ஈமான் இவ்வளவு பலவீனமா’ என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். அவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மகனைப் பிரிந்த துயரத்தில் யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று திருக்குர்ஆன் (12:84) கூறுகிறது. மகன் இப்ராஹீமின் மறைவில் நம் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். பொறுமைக்குப் பெயர்பெற்ற அய்யூப் (அலை) அவர்களின் வாழ்விலும் ஒரு நிகழ்வு உண்டு. ஸாத் அத்தியாயத்தின் 44ஆம் வசனம், ஒரு பிடி புல்லைக்கொண்டு சத்தியத்தை நிறைவேற்றும் எளிய வழியை அவர்களுக்குக் காட்டுகிறது. நோய்க்காலத்தில் மனைவியின் மீது கோபமுற்று அவர்கள் செய்த சத்தியத்தோடு இதை விரிவுரையாளர்கள் பலர் இணைக்கின்றனர். நீண்ட நோய் மிக நல்லவர்களுக்கு இடையேயும் கடுஞ்சொல்லைக் கொண்டுவரக்கூடும். அதை ஆறாத காயமாக்காமல் கடந்துசெல்ல அல்லாஹ்வே வழிகாட்டினான்.

கவனிப்பவர் ஓய்வெடுப்பதும் பாவமன்று. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த அபூ தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிய உரிமைகள் உண்டு என்று ஸல்மான் (ரலி) எடுத்துரைத்ததை நபியவர்கள் சரிகண்டார்கள். வணக்கத்திற்கே அந்த அளவு உண்டு என்றால், நோயாளியின் பணிவிடைக்கும் அது பொருந்தும்.

நலம் விசாரிக்கச் செல்பவர்களுக்கும் சில வார்த்தைகள். நோயாளியைச் சந்திப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய உரிமை. ஆனால் பத்துப் பேராகச் சென்று கட்டிலைச் சூழ்ந்துகொள்வதும், இதே நோயில் இறந்துபோனவர்களின் கதைகளைக் கூறுவதும், ‘என்ன பாவமோ’ என்று பெருமூச்சு விடுவதும் அந்த உரிமையில் சேரா. வந்தவர்களுக்குத் தேநீர் போடுவதே வீட்டுப் பெண்களுக்கு ஒரு தனி வேலையாகிவிடுகிறது. நோய் பாவங்களைக் கழுவும் என்ற நற்செய்தியைச் சொல்லி, துஆச் செய்து, சிறிது நேரத்தில் விடைபெறுவதே அழகு. செல்லும்போது ஒரு தூக்கில் சோறும் குழம்பும் கொண்டு சென்றால் இன்னும் அழகு.

மற்றொன்றையும் தள்ளிப்போடலாகாது. நோயாளி தெளிவாகப் பேசும் நாள்களிலேயே கொடுக்கல் வாங்கல்களை எழுதி வைக்க வேண்டும். வஸிய்யத் செய்ய விரும்பினால், வாரிசு அல்லாதோருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் எழுதிவைக்க உதவ வேண்டும். பேசாமல் இருந்த தம்பியை அழைத்துவந்து ஒருவரையொருவர் மன்னிக்கச் செய்ய வேண்டும். ஜனாஸா வீட்டு வாசலில் அழுதுகொண்டு பொறுப்புக் கேட்பதைவிட, அவர் காதால் கேட்டுப் புன்னகைக்கக்கூடிய நாளில் கேட்பதல்லவா மேல்?

ஜமாஅத்துகளின் பொறுப்பும் இங்கே பெரிது. அண்டை மாநிலமான கேரளத்தில், டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, பின்னர் ஊர்மக்களே தன்னார்வலர்களாக வீடுதேடிச் செல்லும் அமைப்பாக வளர்ந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டம் அதில் முன்னணியில் நின்றது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. குணப்படுத்த முடியாத நோயிலும் வலியைக் குறைக்க முடியும், துணையாக இருக்க முடியும் என்பதே அதன் அடிப்படை.

நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. இவற்றை அறியாமல் நகையை அடகு வைக்கும் வீடுகள் உண்டு. ஜும்ஆ பயானுக்குப் பின் ஐந்து நிமிடம் இதைப் பற்றி அறிவித்தால் போதும். முஹல்லாவில் படுக்கையில் இருப்போரின் பட்டியல் ஒன்றை வைத்து, வாரத்தில் ஓர் இரவு மட்டும் வேறொருவர் துணைக்கு இருக்க ஏற்பாடு செய்தாலே, கவனிப்பவர் அந்த ஓர் இரவாவது கண்ணயர்ந்து உறங்குவார். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

நோய் வந்த வீட்டில் எது முக்கியம் என்பதை அல்லாஹ் காட்டிவிடுகிறான். அது வராத வீடுகளில் இருப்போர் அதை இப்போதே கற்றுக்கொள்ளலாம். நலமாக இருக்கும் வாப்பாவிடமும் உம்மாவிடமும் இன்று மாலையே சற்று நேரம் உட்கார்ந்து பேசலாம்.

யா அல்லாஹ்! நோயுற்றிருக்கும் எங்கள் உறவுகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைக் கவனிப்போரின் கைகளுக்கு வலிமையையும் உள்ளங்களுக்கு அமைதியையும் நல்குவாயாக. அவர்களைத் தனியே விட்டுவிடாத சமுதாயமாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.